எழுபத்தொரு விழுக்காடு

விடிகாலை இரண்டே முக்கால்.
உப்பனாற்றுப் பாலத்து இறக்கத்தில்
டார்ச் வெளிச்சம் குறுக்கே விழுந்தது.
"நிறுத்து. குல்லாவை எடு. இங்க பாரு."

பார்த்தேன்.
காவலர் கைச் செல்போனில்
என் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம்
அலைந்து, நகர்ந்து,
மீன் கடித்த மிதவைபோல்
ஒருமுறை அமிழ்ந்து நின்றது.

நெட்வொர்க் இல்லை.
இரண்டு பேரும் கையைத் தூக்கிப் பிடித்தபடி
சிக்னல் தேடி நாலடி நடந்தார்கள்.
அதுவரை நான் யாராகவும் இல்லை.

பிறகு பெயர் வந்தது.
பூவராகன், தகப்பனார் பெயர் ரங்கநாதன்,
ஸ்ரீமுஷ்ணம் பக்கம்,
மோட்டார் கொட்டகையில் செம்புக் கம்பி திருட்டு,
இரண்டு வழக்கு, ஒன்று நிலுவை.
எழுபத்தொரு விழுக்காடு.

"நான் தேசிங்கு சார். தேவனாம்பட்டினம்.
போட்டுக்கு ஐஸ் கொண்டுபோறேன்."
"எல்லாரும் முதல்ல வேற பேருதான் சொல்லுவானுங்க."
மிச்சம் இருபத்தொன்பதை
எங்கே வைப்பீர்கள் என்று கேட்க வாய் வந்தது.
டிவிஎஸ் பின்னால்
ஐஸ் மூட்டை சொட்டத் தொடங்கியிருந்தது.

ஸ்டேஷனில் கண்ணாடி மேல் விரல் வைக்கச் சொன்னார்கள்.
துடைத்துவிட்டு வை. அழுத்து. இவ்வளவு அழுத்தாதே.
இரண்டு விரல்தான் விழுந்தது.
மற்ற எட்டும்
எனக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்:
எங்கள் ஊர் முகங்களைப் போலீஸ் படம் எடுப்பது
இது இரண்டாம் தடவை.
முதல் தடவை
யாரையும் நிமிர்ந்து பார் என்று சொல்லவில்லை.
எல்லார் கண்ணும் மூடியிருந்தது.

கடல் வந்துபோன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள்
பெரியாஸ்பத்திரிச் சுவரில்
நம்பர் போட்டு ஒட்டியிருந்தார்கள்.
எனக்குப் பதினொரு வயசு.
நாற்பத்து மூன்றைத் தாண்டிப் போனேன்.
திரும்பி வரும்போதும் தாண்டினேன்.
மூன்றாம் நடையில்
சித்தப்பாதான் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

உப்பிப்போன கன்னத்தின் ஓரம்
ஒரு கல் உதிர்ந்த கம்மல்.
அந்தக் கல் விழுந்த அன்று
வீட்டு மணலையெல்லாம் சல்லடையில் சலித்தவன் நான்.

அஞ்சலாட்சி. என் அம்மா.
பதினொரு வருஷம்
என் முகத்துக்கு மேலே குனிந்திருந்த முகம்.
அதற்கு நான் அன்றைக்குக் கொடுத்தது
விழுக்காட்டில் எவ்வளவு இருக்கும்?

நாலரைக்கு ரைட்டர் வந்தார்.
வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு
யாருக்கோ போன் போட்டார். சிரித்தார்.
பூவராகன் ஏழு மாசமாய்
கேப்பர் மலை ஜெயிலில் இருக்கிறானாம்.
கூப்பிடு தூரம்.
செல்போனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"சரி, கிளம்பு."
"என் போட்டோ?"
"அது இருக்கும்."
"யார் பேர்ல சார் இருக்கும்?"
அவர் டீக்கடைப் பையனைத் தேடி
வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வண்டிக்குக் கீழே
ஒரு சின்னக் குளம்.
கலியமூர்த்தி அண்ணன் போட்டு இந்நேரம்
பத்துப் பாகத் தண்ணீரைத் தாண்டியிருக்கும்.
மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
பாதிகூட இல்லை.
அதை இன்னும் இறுகக் கட்டினேன்,
எதற்கென்று தெரியவில்லை.

ஒருநாள் மலையேறிப் போய்
அந்தப் பூவராகனைப் பார்க்க வேண்டும்.
என் முகத்தோடு அவன்
எப்படித் தூங்குகிறான் என்று கேட்க வேண்டும்.
இனி அவன் எங்கே எதைத் திருடினாலும்
பாலத்து இறக்கத்தில் குல்லாவைக் கழற்றப்போகிறவன் நான்.

மனு கொடுத்தால்தான் பார்க்க விடுவார்களாம்.
அதில் கைதிக்கு என்ன உறவு என்று
ஒரு கட்டம் இருக்கும்.
எழுபத்தொன்று
என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்களா?